மூடி இல்லாத பெட்டி

மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கப்பட்ட ஆண்டு அது. எந்தப் பக்கம் வேலை செய்ய விருப்பம் என்று ஆந்திரப் பக்கம் விழுந்த புத்தூர் அலுவலகத்தில் கேட்ட வாரமே, குமாஸ்தா திருவேங்கடம் நாராயணவனத்து வீட்டில் பலகை அறுக்கத் தொடங்கினார். ஓய்வு நேரத்தில் முக்காலி, ஸ்டூல் செய்பவர்தான்; இம்முறை பெட்டி போலிருந்தது.

"இன்னாங்க செஞ்சிக்கினு கீறீங்க?" என்றாள் மனைவி அம்சவேணி.

"முடியட்டும், சொல்றேன்."

"சாமான் கட்டவா? மெட்ராஸ் பக்கம் போறமா?"

அவர் பலகையில் இழைப்புளியை ஓட்டினார்.

பிறந்த ஊரைப் பிரிய அவளுக்கு மனமில்லை. ஆயினும் பாத்திரங்களை அடுக்கினாள். கறவை மாட்டைப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவுக்குத் தருவதாகவும் சொல்லிவிட்டாள்.

ஞாயிறன்று பெட்டி முடிந்தது. உயரம் நான்கு விரல்கூட இல்லை.

"இதுல சொம்புகூட நிக்காதே! மூடி எங்க?"

"மூடி வாணாம்."

குழந்தைகளுக்கு எழுத்துப் பழக்குவதுபோல் அதில் ஆற்று மணலைப் பரப்பி, எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார்.

"ஆந்திராவுலயே இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆறு மாசத்துல தெலுங்குப் பரீட்சை. தெலுங்குப் பள்ளிக்கூடத்துல படிச்சவ நீதானே? ஆரம்பி, டீச்சரம்மா."

அம்சவேணி வாசலுக்கு விரைந்தாள்.

"மாடு குடுக்கலன்னு கிருஷ்ணம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்றேன். அதுக்குள்ள கையைக் கழுவிக்கினு உக்காருங்க!"