கடன் வாங்காத கழித்தல்

"178இல இருந்து 180க்கு எத்தினை?"

"ரெண்டு!"

"200க்கு?"

"இன்னும் இருபது!"

"403க்கு?"

"இருநூற்று மூண்டு!"

மூன்றையும் சேர்த்து, 403இலிருந்து 178 போனால் 225 என்று ஏழாம் வகுப்புக்குக் காட்டினாள் அமராவதி. கண்டாவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. பார்வையிட வந்த அதிகாரி வாசலில் நின்று முகம் சுளித்தார்.

"ஏழாம் வகுப்பில கழித்தலோ, ரீச்சர்? அதுவும் கடன் வாங்காமல்! பாடத்திட்டத்தில இருக்கிறதைப் படிப்பியுங்கோ."

"பிள்ளையளுக்குக் கழிக்கவே தெரியேல்ல, சேர். இப்பிடிச் சொன்னால் விளங்குது. நிப்பாட்ட மாட்டன்."

"எதிர்த்துக் கதைக்கிறியளோ? இடமாற்றத்துக்கு எழுதுவன். எதுக்கு உங்களுக்கு நியமனம்?" அதிகாரி பேனாவை எடுத்தார்.

"கூட்டுறதுக்கு, சேர்."

"கூட்டலுக்கெண்டு தனி நியமனமோ?"

"பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிற ஆள் நான். கணித ரீச்சர் மாறிப்போய் எட்டு மாசம், ஒருத்தரும் வரேல்ல. சாதாரண தரப் பரீட்சையில கணிதத்துக்கு ஏ எடுத்தனான்."

அதிகாரியின் பேனா நின்றது.

"தாராளமா எழுதுங்கோ, சேர். புது ரீச்சர் வாற அண்டைக்குக் கூட்டுற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போறன். அதுவரைக்கும் இந்த வெண்கட்டியைக் கீழ வைக்க மாட்டன்."

அவள் திரும்பி அடுத்த கணக்கை எழுதினாள். பிள்ளைகள் அதிகாரியைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்த்தார்கள்.