ஆற்றங்கரைப் புல்வெளிக்கு ஒரு சாட்சி

பிரான்சின் நார்மண்டியில் அந்தக் காலத்தில் ஒருவர் நிலத்தைத் தானம் கொடுத்தால், அங்கேயே ஒரு பிள்ளையை நிறுத்திக் கன்னத்தில் ஓங்கி அறைவார்கள். பெரியவர்கள் செத்துப்போனாலும், அடி வாங்கிய பிள்ளை மறக்காது, அதுதான் சாட்சி. துர்ஸ்தான் பிரபு, குதிரையிலிருந்து விழுந்து இறந்த மூத்த மகனுக்காக மடத்தில் என்றைக்கும் ஜெபம் நடக்க வேண்டுமென்று, ஆற்றங்கரைப் புல்வெளியைக் கொடுக்க வந்திருந்தார். நாளைக்கு யாராவது அதைப் பிடுங்கிக்கொண்டால் ஜெபம் நின்றுபோகும். சாட்சிக்கு நிறுத்த சின்னவன் ஒஸ்பெர்ன்தான் மிச்சமிருந்தான்.

பிரபு அறைந்தார். அறைந்ததாக நினைத்துக்கொண்டார். பையன் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தான்.

“அடிக்கச் சொன்னா தடவுறீங்களே, பிரபு. சாயங்காலமே மறந்துடுவான்,” என்றார் மடத்துத் தலைவர்.

“சண்டையில எத்தனை தலையைச் சாய்ச்ச கை! இங்க வந்து பஞ்சாயிடுச்சே,” என்றாள் மனைவி ஹவீஸ்.

மறுபடி ஓங்கினார். இருக்கிற ஒருவனையும் அடிக்க அந்தக் கைக்கு மனசு வரவில்லை. சட்டென்று பையன் முன்னால் மண்டியிட்டார்.

“நீ அடிடா அப்பனை. பலமா அடி. அப்பனை அடிச்சது மறக்காது. அண்ணனுக்காக.”

பையன் அம்மாவைப் பார்த்தான். அவள் அடி என்று தலையசைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓர் அறை விட்டான். பல் பட்டுப் பிரபுவின் உதட்டில் ரத்தம் கசிந்தது.

புறப்படும்போது, குதிரையில் ஏற்றிவிட அப்பா கை நீட்டினார். பையன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையைக் கொடுத்தான்.