சத்தம் வராத சைலன்சர்

“நாங்க வர்றது அவங்களுக்குத் தெரியவே கூடாதுண்ணே. தெரிஞ்சா ஓடிப் போயிடுவாங்க” என்று நெட்டையர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மெக்கானிக்குக் கையிலிருந்த மூன்றாவது சைலன்சரை அப்படியே போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றிருந்தது.

காலையில் கடை திறந்ததிலிருந்து இதே ரோதனை. மலைப்பாதைக் கல்லில் அடிபட்டு, ஓடைத் தண்ணீரில் ஊறி, சல்லடையாகிப்போன சைலன்சரோடு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார் அந்த நெட்டையர். துருப்பிடிக்காத எவர்சில்வரில் புதுசு வேண்டும் என்றார். சுளுவான வேலை என்று மெக்கானிக்கும் நம்பினார், பாவம்.

முதலில் மாட்டிக் காட்டியது ஊரே போட்டி போட்டு வாங்குகிற உருப்படி. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலே கடைத் தகரம் அதிரும். நெட்டையர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஐயையோ வேண்டாம் என்றார். இரண்டாவதில் உறுமல் பாதிதான், அதுவும் ஆகாதாம்.

மூன்றாவது, இருப்பதிலேயே சாது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அப்பாடா என்று மெக்கானிக் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினால், இது ரொம்பப் பளபளக்கிறதே, வெயிலில் மின்னினால் தூரத்திலேயே பார்த்துவிடுவார்களே என்கிறார் மனுஷன். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தர வேண்டுமாம். காசைக் கொட்டி எவர்சில்வர் வாங்கி, அதில் கறுப்பு பூசச் சொல்கிற ஆளை மெக்கானிக் இத்தனை வருஷத் தொழிலில் பார்த்ததில்லை.

மூன்று தடவை மல்லாந்து படுத்து மாட்டிக் கழற்றியதில் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. அதைவிட மனசுதான் அதிகமாக அடித்துக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருத்தன் சத்தம் வராத வண்டி கேட்டான். செய்து கொடுத்தார். அது கடத்தல் வண்டி என்று தெரிந்தபோது கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள், ஒரு மாதம் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். இன்னொரு தடவை வம்பை விலைக்கு வாங்கினால் கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டில் சமைத்துக்கொண்டிருங்கள் என்று வீட்டுக்காரி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

ஒருவேளை மஃப்டி போலீஸோ என்று வாயைக் கிளறிப் பார்த்தார்.

“போலீஸா? போலீஸைப் பார்த்தா சிரிச்சுக்கிட்டே கிட்ட வருவாங்கண்ணே. எங்களைக் கண்டாத்தான் தலைதெறிக்க ஓட்டம். போன மாசம் பதினெட்டுப் பேருக்குப் போனோம், மூணு பேர்தான் சிக்கினாங்க.”

சொல்லிவிட்டு நெட்டையர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி முன்கையைக் காட்டினார். பாட்டில் மூடி அகலத்துக்குப் பல் பதிந்து கன்றிப்போயிருந்தது. அந்த மூன்றில் ஒருத்தன் கடித்த கடியாம். எவனோ உயிருக்குப் போராடியிருக்கிறான் என்று மெக்கானிக்குக் குலை நடுங்கியது.

நெட்டையர் பாட்டுக்குத் தன் ஆற்றாமையைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஆளைப் பிடிப்பதுதான் பாடு, பிடித்துவிட்டால் இரண்டு பேர் அமுக்கிக்கொள்வார்களாம், மேடம் வந்து ஒரே நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடுவாராம். இந்த ஓட்டை சைலன்சர் இரண்டு கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடுகிறதாம். மேலிடத்தில் எல்லாரும் சேர்ந்து டிரைவரான இவர் தலையைத்தான் உருட்டுகிறார்களாம். சந்தைக்கு வரும் மலை ஆட்கள் காதில் விழுந்துவிடக் கூடாது, நாளைக்குப் போவது பரம ரகசியம் என்று வாசலை வேறு எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கு விட்டா மழை பிடிச்சுக்கும், மூணு மாசத்துக்கு ஜீப் ஏறாது. இந்தத் தடவையும் தப்பிச்சாங்கன்னா, ஒண்ணு ரெண்டு உயிராவது போயிடும்ண்ணே” என்றார்.

என்ன நெஞ்சழுத்தம், கொலையைக் கடையில் நின்றுகொண்டு சொல்கிறானே என்று மெக்கானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. சீல் வைத்தால் வைக்கட்டும், வீட்டுக்காரி துரத்தினால் துரத்தட்டும், தன் கையால் மாட்டுகிற சைலன்சரை வைத்துக்கொண்டு பதினைந்து பேரைப் பிடிக்கப் போகவிடுவதா? ஜீப் சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரிய ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

“பெயிண்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. யாரு அவங்க? உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாங்க? உண்மையைச் சொல்லலைன்னா இந்த வண்டி இங்கேருந்து நகராது.”

நெட்டையர் திருதிருவென்று விழித்தார். காலையிலிருந்து வாய் வலிக்கப் பேசியும் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“தடுப்பூசி போடத்தாண்ணே. இந்த ஜீப் சத்தம் கேட்டாலே பிள்ளைங்கெல்லாம் மரத்துல ஏறிடுதுங்க.”