சாயாத வண்டி

கழற்றிப் போட்ட ஸ்பிரிங் பட்டைகளும் துருவேறிய ஆக்ஸிலும் பட்டறைத் தரையில் எண்ணெயோடு கிடக்கின்றன. மெக்கானிக் ஜாக்கை இறக்க, பழைய பிக்கப் வண்டி கிறீச்சிட்டு அமுங்கி நேராக நிற்கிறது. "இனிமே டிரைவர் பக்கம் சாயவே சாயாதுக்கா. நீங்க நச்சரிச்சது வீண்போகல." அவள் ஏறி, நீள சீட்டில் ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருக்கும் கணவருக்கும் தனக்கும் நடுவே பையை வைக்கிறாள். இத்தனை வருடமும் ஏறியதுமே அவர் தோளில் சரிந்துவிடுவாள். "பாழாப்போன வண்டி" என்று திட்டிக்கொண்டே அங்கேயே இருந்துவிடுவாள். இன்று பைகூட அசையவில்லை. பட்டறைக் கூரை ஓட்டை வழியே வந்து முன்கண்ணாடியில் நுழையும் வெயில் அதன்மேல் வட்டமாகப் படிந்திருக்கிறது. "இப்ப திருப்திதானே?" என்கிறார் அவர், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. அவள் பையை எடுத்துக் கதவோரம் வைக்கிறாள். "என்னத்த மாத்துனீங்க தம்பி? இன்னும் சாயத்தானே செய்யுது," என்று மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டே கணவர் பக்கமாக நகர்ந்து உட்காருகிறாள்.