வெங்காய லாரியின் ஊளை

லாரி மறுபடியும் ஊளையிட்டது. விழிஞ்ஞம் போகும் பைபாஸில் ஏறிய கொஞ்ச நேரத்தில், பின் அச்சுக்குள்ளிருந்து 'ஊய்ங்' என்று மெலிதாகக் கிளம்பியது. கேட்டதும் குற்றாலலிங்கத்தின் முகம் செத்துப்போனது.

"கேக்கா?" என்றார், ஸ்டியரிங் பிடித்திருந்த சிஷ்யன் ஷிபுவிடம்.

"இல்ல ஆசானே. சத்தியமா ஒரு சத்தமும் இல்ல, கேட்டோ."

"பொய் சொல்லாதல. திருப்பு வண்டிய."

ஈஞ்சக்கலில் இருக்கும் அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அவர் காதுதான் பலகை. ஓடுகிற லாரியில் பின்பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, போனது பேரிங்கா, தேய்ந்தது கியர்ப் பல்லா என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அதுவாகவேதான் இருக்கும். சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் எல்லாரும் அந்தக் காதை நம்பித்தான் லாரியை அவரிடம் விட்டார்கள்.

இந்த லாரி ஆரியசாலையில் வெங்காய மொத்தக்கடை வைத்திருக்கும் பிச்சைக்கனி அண்ணாச்சியுடையது. பின் டிஃபரன்ஷியலில் ஒரே இரைச்சல் என்று கொண்டுவந்து விட்டார். திறந்து பார்த்தால் பினியன் பேரிங் போயிருந்தது. புதிது போட்டு, க்ரௌன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் ஒன்றோடொன்று கடிக்கும் இடைவெளியை ஷிபுதான் வைத்தான். பல்லில் சிவப்பு மை பூசிச் சுற்றிக் காட்டினான். தடம் பொட்டு வைத்தாற்போல் பல்லின் நடுவில் கச்சிதமாக விழுந்திருந்தது.

பழைய இரைச்சல் நின்றது. அது நின்ற பிறகுதான் இந்த ஊளை ஆரம்பித்தது. கழற்றினார்கள், பூட்டினார்கள், மறுபடியும் கழற்றினார்கள். ஊளை போன பாடில்லை.

அதைவிட அவரைச் சுட்டது மற்றவர்களின் பேச்சு. பக்கத்துக் கடை வெல்டிங்காரர் தாணுலிங்கம் லாரியில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு, சத்தமே இல்லை என்றார். அண்ணாச்சியும் போய்வந்து அதையேதான் சொன்னார். இத்தனை வருஷம் பேரெடுத்த மனுஷனை நோகடிக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள், வேறென்ன! நினைக்க நினைக்கக் குற்றாலலிங்கத்துக்கு உடம்பே கூசியது. டீ குடிக்கக்கூடப் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தார்.

வீட்டில் போய்ப் படுத்தாலும் அந்த ஊளை காதை விட்டுப் போகவில்லை. "பேசாம அந்த லாரியவே கட்டிக்கிட்டு அழுங்க" என்று மனைவி சிவகாமி முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தாள். மானம் போன கவலை மனுஷனைத் தூங்க விடுமா?

ஒர்க்‌ஷாப் வாசலில் ஷிபு வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினான். அங்கே பிச்சைக்கனி அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வே, இன்னைக்காவது வண்டியத் தருவேரா? திண்டுக்கல்ல லோடு கெடந்து அழுகுது."

குற்றாலலிங்கத்தால் தலையை நிமிர்த்த முடியவில்லை. எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் குனிந்தே நிற்பது? வெட்கத்தை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டியிருந்தது. ஷிபுவின் தலை பக்கத்திலேயே இருந்தது.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. இந்த ஊளையோட வண்டிய வெளிய விட்டா நான் செத்ததுக்குச் சமம். எல்லாம் இந்தப் பய செஞ்ச வேல. பல்லுக்கு இடைவெளி வைக்கத் தெரியல."

"ஆசானே, மை பூசிக் காட்டினேனல்லோ. தடம் நடுவிலயாக்கும் விழுந்தது."

"என் காது சொல்லாததையா ஒன் மை சொல்லிரும்? ஒன்னால ஊரு முழுக்க எனக்குத் தலகுனிவு! நாளையிலேர்ந்து நீ இங்க வர வேண்டாம். போ!"

தாணுலிங்கத்தின் கடையில் வெல்டிங் நின்றது. ஷிபுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தொழில் தெரியாத காலத்திலிருந்து இந்த வாசலே கதியென்று கிடந்தவன் அவன்.

அண்ணாச்சி பதறி எழுந்தார். "ஏ வே, நல்ல பயலப் போயி இப்படியா பேசது? எனக்குந்தான் ஒரு சத்தமும் கேக்கலயே!"

மறுபடியும் அதே இரக்கம். குற்றாலலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஷிபுவின் தோளைப் பிடித்து லாரியின் பின்சக்கரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"கேக்கலயா? அண்ணாச்சி, நீங்களும் வாங்க. தாணு, நீயும் வா. எல்லாரும் வந்து காதக் குடுங்க. இந்தா, இப்பவும் நிக்காமக் கத்திக்கிட்டுதானே கெடக்கு! இதுகூடவா ஒங்களுக்குக் கேக்கல?"

எல்லாரும் வந்தார்கள். அண்ணாச்சி லாரியைப் பார்த்தார், குற்றாலலிங்கத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தாணுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஷிபு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூடியிருந்த மற்றக் கையை அவர் முன்னால் மெதுவாக விரித்தான்.

"ஆசானே... வண்டிச் சாவி என் கையிலல்லே இருக்கு?"