காது நுனிப் பங்கு

ஒரு நாயின் வயிற்றில் தெள்ளுப்பூச்சிகள் அரசாங்கம் நடத்தி வந்தன. ஒரே ஒரு பூச்சி மட்டும் காது நுனியில் உட்கார்ந்து வெளியுலகை ஆராய்ந்தது. அந்த நுனியில் போதிய ரத்தம் கிடைக்காது என்பதால் வயிற்றிலிருந்து அதற்குப் பங்கு போய்க்கொண்டிருந்தது.

பட்ஜெட் கூட்டத்தில் தலைவர் எழுந்தார்.

"வாலடியில் நம் குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்கள். காதிலிருந்து இதுவரை ஒரு சொட்டாவது வந்திருக்கிறதா?"

"இல்லை!" என்றது கூட்டம். வாலடிக்கு இதுவரை என்ன போயிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது காதுப் பூச்சி மூச்சிரைக்க ஓடி வந்தது. "தலைவரே! வீட்டுக்கார அம்மா வாளியில் வெந்நீர் வைத்துவிட்டு, கையில் ஏதோ பாட்டிலோடு 'வாடா செல்லம்' என்று நாயைக் கூப்பிடுகிறாள். எனக்கு நல்லதாகப் படவில்லை. எல்லோரும் கீழே கிடக்கிற சாக்கில் குதித்துவிடலாம்."

தலைவர் சிரித்தார். "பட்ஜெட் வந்தால் போதும், உனக்கு ஏதாவது ஆபத்து தெரிந்துவிடும்."

காதுக்கான பங்கு ஏகமனதாக ரத்தானது. மிச்சமான ரத்தத்தில் தலைவருக்குப் பாராட்டு விருந்து என்று முடிவாயிற்று. காதுப் பூச்சி தனியாகச் சாக்கில் குதித்தது.

"பங்கை நிறுத்தினதும் நாட்டை விட்டே ஓடுகிறான் பார்!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

நாய் எழுந்து நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. விருந்து தொடங்கும் நேரத்தில் மேலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொட்டியது.

"பார்த்தீர்களா?" என்று தலைவர் முழங்கினார். "காதுப் பங்கை நிறுத்தினோம், நம் ஆட்சியில் மழையே வந்துவிட்டது!"

பூச்சிகள் நனைந்தபடியே கைதட்டின. மழை நல்ல வாசனையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நுரைக்கவும் தொடங்கியது.