நுழைவுப் பகடை

சிவராம் இறந்த பிறகு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் அந்த விளையாட்டில் அம்மு மட்டுமே மிஞ்சினாள். ஒற்றை ஆளை வைத்துக் கதை நடத்த முடியாது. அதனால் அலுவலகத் தோழி ஜாக்குலினை ஊரப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். கதையை நடத்தும் ஹேமந்த் அலுப்போடுதான் விதிகளைச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்லக் குரலில் உயிர் வந்தது.

"மூணு பகடையைப் போட்டுக் கூட்டினா உன் கேரக்டரோட பலம். அடுத்த வாட்டி போட்டா அறிவு. இன்னா வுழுதோ அதான், மாத்தக்கூடாது. கடைசியா, கதை நடத்துற என்னைத் தவிர, பழைய ஆளுங்க ஆளுக்கு ஒருதரம் உனக்காக ஒத்தப் பகடை போடணும். யாருக்காவது ஆறு வுழுந்தாதான் நீ உள்ள வரலாம்."

"வாத்தியாரே, கொஞ்சம் மூச்சு வுடு," என்றாள் அம்மு.

ஜாக்குலின் போட்டு முடித்தாள். பிறகு அம்மு போட்டாள். இரண்டுதான் விழுந்தது. இனிப் போட வேறு ஆளில்லை. இத்தனை வருட ஆட்டம் இன்றோடு சரி என்று ஹேமந்த் பகடைகளைப் பொறுக்கினான்.

"இந்த அண்ணன் ஆறு போட்டாரே, அது?" என்று ஜாக்குலின் சிவராமின் காலி நாற்காலியைக் காட்டினாள்.

அதற்கு நேரே ஒரு பகடை ஆறு காட்டிக் கிடந்தது. ஹேமந்த் எடுத்தான். யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கியது போலச் சூடாக இருந்தது. அம்மு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தரையில வுழுந்தா கணக்கில்ல," என்றான் ஹேமந்த் மெதுவாக. "மேசையிலதான வுழுந்துச்சு?"

"ஆமா," என்றாள் ஜாக்குலின்.

"அப்ப செல்லும்," என்று பகடையைக் கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.